முருங்கை மரமும் எங்கட சின்னுவும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள், ஆடு கட்டுகிறவர்கள், வளவில் முருங்கை நிற்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். இதில் நான் என்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை. இரண்டு நாளாய் விடாமல் பெய்த மழை சுபஹோடு விட்டிருந்தது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் முருங்கையடியில் இருந்து எங்கட உம்மா சத்தம் போட்டா.

"புள்ள, இஞ்ச வந்து பாருகா. மரத்துக்குச் சாக்குச் சுத்தினாப்போல கிடக்கு."

போய்ப் பார்த்தால் உண்மையில் அப்படித்தான் இருந்தது. இடுப்பளவு உயரத்தில் இருந்து அடிவரைக்கும் மண்ணிறமாய், நனைந்த சாக்கைச் சுற்றி விட்டதுபோல மயிர்க்கொட்டி. நம்மில் மசுக்குட்டி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாய்ப் படுத்துக் கிடந்தன. ஒன்று அசைந்தால் முழுக் கூட்டமும் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. எனக்கு உடம்பெல்லாம் கடித்த மாதிரி இருந்தது.

இது முருங்கைக்கென்றே வருகிற இனம். தாய் அந்துப்பூச்சி இலையிலும் இளந்தண்டிலும் கூட்டமாய் முட்டையிடும். குஞ்சு பொரித்தால் அவையும் கூட்டமாய்த்தான் இருக்கும். பகலில் தண்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரவில் ஏறிப்போய் இலையைத் தின்னும். விடிந்ததும் திரும்ப இறங்கி வரும். வளர்ந்து முடிந்ததும் நிலத்துக்கு இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். இறங்குகிற அந்த நாட்களில்தான் முற்றம், கிணற்றடி, செருப்பு வைக்கிற படி என்று எல்லா இடத்திலும் ஊரும். எங்கட சின்னு மாட்டினதும் அப்படி இறங்கின ஒன்றிடம்தான்.

சின்னு என்பது எங்கட பூனை. மழைக்குள்ளே வாசிகசாலைப் பக்கத்தில் நின்று கத்தியதை என் சின்ன மகன் சேர்ட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ஒரு வயதாகிறது. அசைகிற எதைக் கண்டாலும் கையால் தட்டிப் பார்க்காமல் விடாது. அன்றைக்கும் அதுதான் நடந்தது. மகன் ஈர்க்கு ஒன்றை எடுத்துக் கூட்டத்தைக் குத்தப் போனான். நான் அவனை அதட்டிக்கொண்டு நிற்கும்போதே ஒன்று நிலத்தில் விழுந்தது. சின்னு போய்த் தட்டியது. மணந்து பார்த்தது. அடுத்தது வாயில் கவ்விவிட்டது.

கவ்விய கையோடு துப்பியும் விட்டது. ஆனால் அந்த ஒரு நொடி போதும். தலையை உதறத் தொடங்கியது. முன்னங்கால் இரண்டாலும் வாயைப் பிறாண்டியது. வாயில் இருந்து கண்ணாடி நூல்போல வீணீர் நிலம்வரைக்கும் தொங்கியது. பிறகு ஓடிப்போய் உம்மாவின் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு சிரியுங்கள். மகன் துவாயை எடுத்து அதன் வாயை அழுத்தித் துடைத்தான். உம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தா. மூத்த மகள் பால் ஊத்திக் கொண்டுவந்தாள். நான் அலுமாரியைத் திறந்து பெனடோல் ஒன்றை எடுத்து, கத்தியால் இரண்டாய் வெட்டி, பாதியைக் கரண்டியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தேன். நோவு குறையட்டும் என்றுதான்.

நாலு பேரும் செய்தது நாலும் பிழை. என்னுடையது மட்டும் கொலை.

அல்லாஹ் காப்பாற்றினான். மகள் ஒரு பக்கம் பாலை வைத்துக்கொண்டே மறுபக்கம் தன்னுடைய கூட்டாளிப் பிள்ளையிடம் நம்பர் வாங்கி மிருக வைத்தியருக்குப் போன் எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்த டொக்டர் முதல் கேட்டது, "வாயில ஏதாவது குடுத்தீங்களா?" என்றுதான். நான், "இல்ல டொக்டர், பெனடோல் பாதி குடுக்கப் போறன்" என்றேன். அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது. "டீச்சர், அத முதல்ல கீழ வைங்க. அந்தக் கரண்டியையும் கழுவி வைங்க."

பிறகு அவ சொல்லச் சொல்லச் செய்தோம். துடைக்கவே கூடாதாம். மயிர்க்கொட்டியின் மயிர் என்று நாம் சொன்னாலும் ஒவ்வொன்றும் ஒரு ஊசி. தோலில் குத்தி நுனி உடைந்து தங்கிவிடும். சில இனங்களில் அதற்குள் நஞ்சும் இருக்கும். தேய்த்தால் இன்னும் ஆழத்துக்குப் போகும், உடைந்து பத்தாகும். அதனால் கைக்கு ஷொப்பிங் பேக் சுற்றிக்கொண்டு, உரோமத்திலும் கன்னத்திலும் தெரிந்தவற்றைச் செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தோம். பூனையைப் பெரிய துவாயால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தலையைக் கீழ்நோக்கிச் சரித்து, வாயின் ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாய் நிறையத் தண்ணீர் ஓடவிட்டோம். தலையை நிமிர்த்தி ஊற்றினால் தண்ணீர் சுவாசப்பைக்குள் போகும். எண்ணெயும் பாலும் பருக்கக் கூடாதென்றதற்கும் அதே காரணம்தான். வாயும் தொண்டையும் வீங்கிக் கிடக்கிற நேரம் அதற்கு ஒழுங்காய் விழுங்க வராது.

கையை நக்க விடவேண்டாம் என்றும் சொன்னா. பூனை தன் உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்யும். காலில் ஒட்டின மயிர் அப்படியே நாக்குக்குப் போகும். நாய் என்றால் வாயோடு முடிகிற விஷயம், பூனைக்கு வாயில் தொடங்கிக் காலுக்குப் போய்த் திரும்ப வாய்க்கு வரும்.

ஓட்டோவில் பிளாஸ்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஓட்டோக்காரத் தம்பி, "பூனைக்கா டீச்சர் டொக்டர்?" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் சின்னு கத்திய கத்தில் அவரே வேகத்தைக் கூட்டினார். திரும்பி வரும்போது காசு வாங்கவும் யோசித்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

டொக்டர் மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்து டோர்ச் அடித்துக் காட்டினா. நாக்கின் அடிப்பக்கம் சிவந்து தடித்து இருந்தது. மெல்லிய மயிர்கள் அதில் குத்திக்கொண்டு நின்றன. சாமணத்தால் ஒவ்வொன்றாய் எடுத்தா. எத்தனை நேரம் எடுத்ததென்று தெரியாது, லுஹர் பாங்கு கேட்டபோதும் குனிந்துதான் இருந்தா. வீக்கத்துக்கு ஊசி போட்டு, கண்ணையும் சோதித்து அனுப்பினா. கண்ணுக்குள் மயிர் போனால் பூனை கண்ணைச் சுருக்கிக்கொண்டு காலால் தேய்க்கும், அதைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம் என்றா.

அங்கே வைத்துத்தான் பெனடோல் கதையைக் கேட்டேன். நம் உடம்பில் பரசிட்டமோலை ஈரல் ஒரு வழியால் மாற்றிக் கழித்துவிடும். பூனையின் ஈரலில் அந்த வழி மிகவும் குறைவு. கழிக்க முடியாத மருந்து வேறு வழியில் போய் நச்சாக மாறும். அது இரத்தத்தின் சிவப்பணுவைத் தாக்கும். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் மண்ணிறமாகிவிடும். முரசைத் திறந்து பார்த்தால் சிவப்பாய் இருக்காது, சொக்லட் நிறமாய் அல்லது நீலமாய் இருக்கும். முகமும் பாதங்களும் வீங்கும். மூச்சு இழுக்கும். ஒரேயொரு குளிசை ஒரு பெரிய பூனையைக் கொல்லப் போதும். சில மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தால் மாற்று மருந்து இருக்கிறது. பிந்தினால் கஷ்டம்.

"முகம் வீங்கும்" என்று அவ சொன்ன இடத்தில் நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்களிடம் வெள்ளையன் என்றொரு பூனை இருந்தது. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், மதிலில் நீட்டிப் படுத்துக்கொண்டு ரோட்டால் போகிற எல்லாரையும் பார்க்கும். ஒரு நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தது. தொட்டால் உடம்பு சுட்டது. காய்ச்சல்தானே என்று நான் பெனடோல் பாதியை நசுக்கி, சூடை மீன் துண்டில் வைத்து என் கையாலேயே ஊட்டினேன். பிஸ்மி சொல்லித்தான் ஊட்டினேன். அடுத்த நாள் விடிய அதன் முகம் பலூன்போல வீங்கியிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்செடுத்தது. மஃரிபுக்கு முன்னம் மௌத்தாகிவிட்டது. தேசிக்காய் மரத்தடியில் புதைத்தோம்.

யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் எல்லாரும் முடிவெடுத்தோம். வெள்ளையன் அடுத்த வளவுக்குள் போய்க் கருவாட்டை இழுக்கிற வழக்கம் இருந்தது. அதற்கு இரண்டு மூன்று தரம் அந்த ராத்தா சத்தம் போட்டிருக்கிறா. அவதான் வைத்திருப்பா என்று நான் நினைத்தேன். வாயால் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவவோடு கதைப்பதை விட்டுவிட்டேன். நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்வேன், திருப்பி ஒன்றும் கொடுத்தனுப்ப மாட்டேன். அவவின் மகளின் கலியாணத்துக்கு முகத்தைக் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன். அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு பல மாதம் அப்படிப் போனது. பிறகு அது தானாய்த் தேய்ந்துபோனாலும் என் மனதின் அடியில் அந்த நஞ்சுக் கதை இருந்துகொண்டேதான் இருந்தது.

நஞ்சு வைத்தது நான்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண்ணின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வகுப்பில் பிராணிகள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் அதைச் சொல்லுவேன். நானும் தெரிந்துகொண்டு செய்யவில்லை, அது உண்மைதான். ஆனால் தெரியாமல் செய்ததற்கு இன்னொரு மனுசியின் மேல் குற்றம் வைத்தேனே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றுதான் ஓட்டோவில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அன்று அஸருக்குப் பிறகு அவவிடம் போனேன். இப்போது அவவுக்கு முழங்கால் நோவு, கதிரையில் இருந்துதான் தொழுகிறா. பக்கத்தில் இருந்து முழுக் கதையையும் சொல்லி, "ராத்தா, எனக்கு மாப்புத் தாங்க" என்றேன். அவ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா.

"நீ அப்ப என்னோட கதைக்காம விட்டது பூனைக்காகவா புள்ள? நான் அந்த வேலிக் கதைக்கு எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிட்டிருந்தன்."

எந்த வேலிக் கதை என்று எனக்குத் தெரியவே இல்லை. கேட்டால் அவவுக்கும் சரியாய் ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான்தான் அழுதேன். அவ தேத்தண்ணி ஊத்தித் தந்தா. வெளிக்கிடும்போது, "அது கருவாடு இழுத்தது உண்மதான்" என்றும் சொன்னா.

சரி, மரத்துக்கு வருகிறேன். பதிவின் பிரயோசனமான பகுதி இனிமேல்தான்.

மயிர்க்கொட்டி வந்தால் தென்னோலைச் சூள் கட்டித் தண்டைச் சுட்டு விடுவது நம்மில் பலருடைய வழக்கம். உம்மாவும் அன்றைக்குச் சூள்தான் கேட்டா. எங்கட வாப்பா இருந்த காலத்தில் அவர் சுடுவதை நாங்கள் வேடிக்கை பார்த்திருக்கிறோம். இப்போது எனக்கு அதில் இரண்டு தயக்கம் இருக்கிறது. எரியும்போதும் கூட்டம் கலைந்து விழும்போதும் மயிர் காற்றில் பறக்கும். அது கொடியில் காய்கிற உடுப்பிலும், கிணற்றடியிலும், சுடுகிறவரின் கண்ணிலும், மூச்சிலும் சேரும். இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. மற்றது, எறும்புப் புற்று எரிக்கப்பட்டதைக் கண்டு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைக் கண்டித்த செய்தி அபூதாவூதில் வருகிறது. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, மௌலவிமாரிடம் கேளுங்கள். எரிக்காமல் செய்ய இலேசான வழி இருக்கும்போது ஏன் எரிக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் கேள்வி.

நாங்கள் செய்தது இது. பழைய வாளி ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, சவர்க்காரத் தூள் இரண்டு பிடி போட்டுக் கலக்கி மரத்தடியில் வைத்தோம். எங்கட வீட்டுக்காரர் நீளக்கை சேர்ட், கையுறை, கண்ணாடி, வாய்க்கு மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டார். பார்க்கக் கொரோனாக் காலம் மாதிரி இருந்தது. நீளமான கம்பில் தும்புத்தடியைக் கட்டி, காற்றுக்கு எதிராய் நிற்காமல், மேலிருந்து கீழாய் மெல்ல வழித்து வாளிக்குள் தள்ளினார். தள்ளுவதற்கு முன்னம் தண்டைச் சவர்க்காரத் தண்ணீரால் தெளித்து நனைத்ததால் மயிர் பறக்கவும் இல்லை. பகலில் செய்ய வேண்டும், அப்போதுதான் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். செத்ததை வெறுமனே குப்பையில் எறியக் கூடாது. செத்தாலும் மயிர் குத்தும். கழற்றிப் போட்ட தோலும் குத்தும். ஆழமாய்க் குழி வெட்டி மூடினோம். வாளியைத் திரும்ப எடுப்பதற்கு முன் நன்றாய்க் கழுவினோம். அன்று போட்ட உடுப்புகளையும் தனியாய்த்தான் கழுவினோம்.

வயலுக்கு அடித்து மிச்சம் வந்த மருந்தை மரத்துக்கு அடிக்கிறவர்களும் நம்மூரில் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த முருங்கையிலைதான் நாளைக்குச் சுண்டலாய் உங்கள் கோப்பைக்கு வரப்போகிறது. பூனைக்கு அதைவிட மோசம். பெர்மெத்ரின் வகை மருந்துகள் நமக்கும் நாய்க்கும் பெரிதாய்ச் செய்யாத அளவிலேயே பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். நாய்க்கு உண்ணி போக வாங்கின மருந்தைப் பூனைக்கும் தடவி விடுகிறவர்கள் போத்தலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

முருங்கையில் வருவதுதான் கண்ணுக்குத் தெரியும். இலைக்கு அடியில் தெரியாமல் இருக்கிறது ஒன்று உண்டு. பச்சை நிறம், முதுகில் நீலக்கோடு, உடம்பெல்லாம் முள் முள்ளாய்க் கொத்து. தென்னை, மா, வாழை எல்லாவற்றிலும் இருக்கும். பார்க்க அழகாய் இருப்பதால் பிள்ளைகள் கையில் எடுப்பார்கள். தொட்டால் நெருப்புச் சுட்ட மாதிரி எரியும். பூனைக்குட்டி விழுந்த ஓலையில் விளையாடும்போது மாட்டிக்கொள்ளும். எல்லா மயிர்ப்புழுவும் நஞ்சுள்ளதில்லை, ஆனால் எது என்று பூனைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு சொல். குழை வெட்டிப் போடுவதற்கு முன் ஒருமுறை உதறிப் பாருங்கள், முக்கியமாய்ச் சினை ஆட்டுக்கு. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சினைக் குதிரைகளுக்குப் பெருந்தொகையாய்க் கரு கலைந்தது. தேடிப் பார்த்தபோது, புல்லோடு சேர்த்து அவை தின்ற ஒருவகை மயிர்ப்புழுவில்தான் காரணம் இருந்தது. அந்த மயிர் குடலில் குத்திக் கிருமி உள்ளே போக வழி திறந்துவிட்டதென்று விளக்கம் சொன்னார்கள். அது வேறு நாடு, வேறு இனம். ஆனாலும் உதறிப் போடுவதற்குக் காசு போகாதே. ஸ்பெயின், போர்த்துக்கல், இத்தாலிப் பக்கம் பைன் மரங்களில் ஒரு புழு இருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்வலம்போல வரிசையாய்ப் போகும். அதை மணந்து பார்த்த நாய்களுக்கு நாக்கின் ஒரு பகுதியே அழுகி விழுந்திருக்கிறது. அந்தப் படங்களை டொக்டர் போனில் காட்டினா. இங்கே போட மாட்டேன்.

ஆகவே உங்கள் பூனை திடீரென்று வீணீர் வடித்துக்கொண்டு வாயைப் பிறாண்டினால் தேய்க்காதீர்கள், பருக்காதீர்கள், ஒட்டி எடுங்கள், கழுவுங்கள், மிருக வைத்தியருக்குப் போன் எடுங்கள். நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால், கண்ணைத் திறக்காவிட்டால் போனோடு நிற்காமல் கொண்டுபோங்கள். பெனடோல் மட்டுமில்லை, நமக்குத் தருகிற நோவுக் குளிசை, அலர்ஜிக் குளிசை ஒன்றையும் டொக்டர் அளவு சொல்லாமல் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களென்றால் வெட்கப்படாமல் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.

சின்னு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மீன் ஆணத்தில் சோற்றைக் குழைத்து வைத்தபோது நக்கியது. நேற்றுப் பின்வாசலில் பல்லிக்குப் பின்னால் ஓடியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முருங்கையடிப் பக்கம் போகவில்லை. சுற்றித்தான் போகிறது.

உம்மா மரத்தை வெட்டச் சொல்லுறா. நான் விடவில்லை. அது வாப்பா நட்டது. கந்து கந்தாய் எத்தனை வீட்டுக்கு அதில் இருந்து கொடுத்திருப்போம். இப்போதும் கிழமைக்கு இரண்டு தரம் அடுத்த வளவு ராத்தாவுக்கு இலை போகிறது.

மழை இன்னும் முடியவில்லை, திரும்பவும் வரும். நம் ஒழுங்கையில் யாருடைய மரத்திலாவது கண்டால் சொல்லுங்கள். கம்பும் வாளியும் கையுறையும் எங்கள் வீட்டு ஷெட்டில் கிடக்கிறது. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் நிற்கிறார், அவரைக் கேட்காமலே எழுதிவிட்டேன்.